பணியாரக் கல்லில் ஒரு டென்மார்க் பலகாரம்

பரணில் இருக்கும் பணியாரக் கல்லை இறக்கி வையுங்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய பெரிய சாமான் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மளிகைக் கடையிலும் காய்கறி மார்க்கெட்டிலும் கிடைப்பவை.

டென்மார்க் வீடுகளில் டிசம்பர் பிறந்தால் ஏப்ளஸ்கீவர் என்றொரு பலகாரம் வரும். வார்ப்பிரும்புச் சட்டியில் அரைக்கோளக் குழிகள், பெரும்பாலும் ஏழு. அதில் மாவை ஊற்றி, குச்சியால் திருப்பித் திருப்பி முழு உருண்டையாக எடுப்பார்கள். மேலே பொடித்த சர்க்கரை, பக்கத்தில் சிவப்பு ஜாம். பழைய முறையில் உள்ளே ஆப்பிள் துண்டு இருக்கும். இன்று அங்கே பெரும்பாலும் ஆப்பிள் இல்லாமலேதான் சுடுகிறார்கள், உறைந்த பாக்கெட்டாகவும் வாங்கிச் சூடாக்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில், குளிருக்கு இதமாக, பிற்பகலில் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். இதைக் காலைப் பலகாரமாக்கிப் பேர் வாங்கித் தந்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய டேனிஷ்காரர்கள். 1911இல் அவர்கள் கலிபோர்னியாவில் அமைத்த சோல்வாங் ஊரின் திருவிழாவில் ஏப்ளஸ்கீவர் காலை விருந்து இன்றும் நடக்கிறது. நாமும் காலைக்கே எடுத்துக்கொள்வோம். நமக்கும் பணியாரம் காலையில்தானே ருசி.

டென்மார்க்குக்கும் நம் பக்கத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்தவர்கள் அவர்கள். அது பள்ளிப் பாடத்தில் வந்த கதை. நமக்கு இன்னும் கிட்டத்தில் இன்னொன்று உண்டு. 1993 வரை நம் விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்தத் தென்னாற்காட்டில் 1860களில் வேலை தொடங்கியது டேனிஷ் மிஷன் சங்கம். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கம், பிறகு திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவினார்கள். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி, திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்று அந்தப் பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது. அந்த மிஷனிலிருந்து வளர்ந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குக் கடலூர் தலைமையிடம். ஆகவே 'டேனிஷ்' என்ற சொல் இந்த வட்டாரத்துக் காதுக்கு அந்நியமில்லை. பலகாரம் மட்டும்தான் புதிது, அதுவும் பாதிதான் புதிது.

அந்தப் புதிய பாதி எது என்றால், மாவும் திருப்பும் முறையும். நம் பணியாரத்தில் அரிசியும் உளுந்தும் இரவெல்லாம் புளித்து உப்பலைத் தருகின்றன. டேனிஷ் மாவை அப்படி இரவெல்லாம் புளிக்கவைப்பதில்லை. அடித்த முட்டை வெள்ளையும், மோரோடு சேரும் சோடா உப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. நாம் ஒரு பக்கம் வெந்ததும் ஒரே தூக்கில் கவிழ்த்துவிடுகிறோம். அவர்கள் கால் கால் வட்டமாகத் திருப்புகிறார்கள். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

கல்

டேனிஷ் சட்டி என்று தனியாக இணையத்தில் விற்கிறார்கள். வாங்க வேண்டாம். அதன் குழி நம்முடையதைவிடச் சற்று அகலம், ஆழம், அவ்வளவே. விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ பாத்திரக் கடையில் கேட்டால் வார்ப்பிரும்பு, அலுமினியம், நான்ஸ்டிக் மூன்றையும் எடுத்துப் போடுவார்கள். இரும்பை எடுங்கள். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது. தட்டையான குழியில் உருண்டை வராது, வடைதான் வரும். பன்னிரண்டு குழிக் கல் ஆசை காட்டும். ஆனால் முதல் தடவை செய்கிறவர் ஏழு குழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பன்னிரண்டாவதைத் திருப்பப் போகும்போது முதலாவது கருகிக்கொண்டிருக்கும்.

புதுக் கல்லைப் பழக்க வேண்டும். வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் கஞ்சியை மாற்றி, கழுவித் துடைத்து, அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி வையுங்கள். பிறகு இரண்டு ஈடு சாதாரணப் பணியாரம் சுட்டு எடுத்தால் கல் பழகிவிடும். ஏற்கெனவே காரப் பணியாரம் சுடும் கல்லாக இருந்தால் வேறொரு தொல்லை: வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு தாளித்த வாசனை இரும்பில் ஏறியிருக்கும். ஏலக்காய் மணக்க வேண்டிய பண்டம் வெங்காயம் மணக்கும். முதல் நாளே குழிகளில் கல்லுப்பைப் போட்டு நன்றாகச் சூடேற்றி, ஆறியதும் துணியால் அழுத்தித் துடைத்தால் வாசனை பெருமளவு போய்விடும். மரக்காணம் உப்பு வீட்டில் மூட்டையாக இருக்கும்போது இதற்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

திருப்புவதற்கு டென்மார்க் பாட்டிமார்கள் பின்னல் ஊசியை வைத்துக்கொள்வார்கள். நமக்குப் பணியாரக் குச்சி போதும். கல்லோடு வரும் இரும்புக் கம்பியைவிட, கூர்மையாகச் சீவிய மூங்கில் குச்சி நல்லது. மாவு மிருதுவானது, கம்பி கிழித்துவிடும்.

மாவு

ஐந்து பேருக்கு, சுமார் 35 உருண்டைக்கு அளவு இது. மைதா 250 கிராம். கெட்டித் தயிர் 300 மில்லி, பால் 100 மில்லி. முட்டை மூன்று, நாட்டுக்கோழி முட்டை சிறியது என்றால் நான்கு. உருக்கிய வெண்ணெய் 50 கிராம். சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம், இனிப்பு உள்ளேயும் மேலேயும் வரப்போகிறது. சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் ஆறு. சுடுவதற்குத் தனியாக நெய்.

டேனிஷ் குறிப்புகளில் மோர் என்றிருக்கும். அவர்களுடைய மோர் கெட்டியானது. நம் வீட்டு நீர்மோரை 400 மில்லி ஊற்றினால் மாவு தண்ணீராகிவிடும். அதனால்தான் தயிரும் பாலும். தயிர் இலேசாகப் புளித்திருக்கட்டும். அந்தப் புளிப்புதான் சோடா உப்பைக் கிளப்பிவிடுகிறது. இன்று உறைந்த இனிப்புத் தயிர் என்றால் அரை எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து விடுங்கள்.

ஏலக்காயைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ஏதோ நம் ருசிக்காகச் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். டென்மார்க்காரர்களே சேர்ப்பதுதான். அவர்கள் ரொட்டியிலும் பன்னிலும் ஏலக்காய் தாராளமாக விழும். கடையில் விற்கும் பொடி வேண்டாம். ஆறு காயை உரித்து, விதையை ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு சேர்த்து இடித்துக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிது. மைதா, உப்பு, சோடா உப்பு, ஏலக்காய் மூன்றுமுறை சலித்து வைக்கவும். முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடைத்து மஞ்சளையும் வெள்ளையையும் பிரிக்கவும். குளிர்ந்த முட்டையில் மஞ்சள் உடையாமல் பிரியும். ஆனால் வெள்ளையை அடிப்பதற்கு அது அறை வெப்பத்துக்கு வர வேண்டும், ஆகவே ஒரு இருபது நிமிடம் வெளியே இருக்கட்டும். மே மாதத்தில் நம் ஊர் அடுக்களைக்கு அந்த இருபது நிமிடம்கூட அதிகம், பத்து போதும். மஞ்சளோடு சர்க்கரை, தயிர், பால், வெண்ணெய் சேர்த்துக் கலக்கி, சலித்த மாவில் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். தோசை மாவைக் கலக்கும் வேகத்தில் கலக்கக் கூடாது. மைதாவை ரொம்ப அடித்தால் இழுவை வந்து பண்டம் ரப்பராகிவிடும்.

வெள்ளையைத் தனிப் பாத்திரத்தில் அடிக்கவும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, ஒரு சொட்டு மஞ்சளோ இருந்தால் நுரை எழும்பாது. பிளாஸ்டிக் டப்பாவில் பிசுக்கு போகவே போகாது, எவர்சில்வர்தான் சரி. தயிர் கடையும் மத்து இதற்கு உதவாது. கம்பிச்சுருள் முட்டையடிப்பானோ, கை மிக்சரோ வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நுரையின் முனை இலேசாகத் தலைசாய்ந்து நிற்க வேண்டும், அந்தப் பதம். முதலில் ஒரு பங்கு நுரையை மாவில் கலந்து இளக்கிக்கொண்டு, மீதியை அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்க்கவும். இட்லி மாவைவிட ஒரு இழை இளக்கமாக மாவு விழும்.

இனிக் காத்திருக்கக் கூடாது. சோடா உப்பும் நுரையும் அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இதனால்தான் பூரணத்தை முதல் நாள் இரவே செய்து வைக்கச் சொல்கிறேன்.

முட்டை சேராத வீடுகளுக்கு: முட்டையை விட்டுவிட்டு, தயிரை 350 மில்லியாக்கி, சோடா உப்போடு அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்க்கவும். மாவு கெட்டியாகத் தெரிந்தால் பாலைக் கூட்டி அதே பதத்துக்குக் கொண்டுவரவும். பஞ்சுத்தன்மை குறையும், ருசி குறையாது. புரட்டாசியிலும் செய்யலாம். கோதுமை மாவு பாதி, மைதா பாதி என்று போட்டால் கொஞ்சம் கனக்கும். முழுக்கக் கோதுமை மாவு வேண்டாம்.

உள்ளே என்ன வைப்பது

விதி ஒன்றே: பூரணம் ஓடக் கூடாது. நேராகப் பாட்டிலிலிருந்து எடுத்த ஜாம் சூட்டில் உருகி, மாவைத் துளைத்துக்கொண்டு குழியின் அடியில் இறங்கிக் கருகும். பிறகு அந்தக் குழியில் எதுவும் ஒட்டாமல் எழும்பாது. விரலில் உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதம் வேண்டும்.

ஆப்பிள்தான் மூலம். டென்மார்க்கில் சமையலுக்கென்று புளிப்பான ஆப்பிள் உண்டு. நம் மார்க்கெட்டுக்கு வரும் சிவப்பு ஆப்பிள் இனிப்பு மட்டுமே, வெந்தால் மாவாகக் கரையும். ஆகவே இரண்டு ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் வதக்கவும். துண்டு முழுசாகத் தெரிய வேண்டும், நீர் வற்ற வேண்டும். இமாச்சல், காஷ்மீர்ப் பழம் ஆகஸ்டிலிருந்து நன்றாக இருக்கும். கிறிஸ்துமஸுக்குக் கிடைப்பதும் மோசமில்லை.

ஆப்பிள் விலை உறுத்தினால் கொய்யா. பழுத்தும் பழுக்காததுமான காயாக வாங்கி, விதைப் பகுதியை நீக்கிவிட்டு அதே முறையில் வதக்கவும். ஆப்பிளைவிட இது நன்றாக வரும் என்பது என் கட்சி. சதையும் கெட்டி, புளிப்பும் அதிலேயே இருக்கிறது, மணம் ஏலக்காயோடு சண்டை போடாது.

கோடையில் செய்பவர்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை, பண்ருட்டிப் பலா இருக்கிறது. பத்துச் சுளையைப் பொடியாக நறுக்கி, நெய்யில் வதக்கி, கால் கப் வெல்லம் போட்டுச் சுருளக் கிண்டவும். கடைசியில் நாலு முந்திரியை உடைத்துப் போடுங்கள், அதுவும் பண்ருட்டி உபயம். இதை ஒரு டேனிஷ்காரருக்குக் கொடுத்தால் ஆப்பிளைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பலா இனிப்பு அதிகம் என்பதால் மேலே சர்க்கரை தூவுவதை மட்டும் குறைத்துவிடுங்கள்.

திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு எள்ளையும் கடலையையும் சொல்லாமல் போக முடியாது. இங்கே உள்ள வேளாண் பல்கலைக்கழக எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை, எள் ரகங்கள் 'டிஎம்வி' என்ற ஊர்ச் சுருக்கத்தோடு நாடெங்கும் போயிருக்கின்றன. வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து, பாதி அளவு வெல்லமும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்துப் பிசைந்தால் பூரணம் தயார், அடுப்பே வேண்டாம். எள்ளுக்கும் இதேதான். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனைவெல்லம் கையில் இருந்தால் அதையே போடுங்கள். குழந்தைகள் கடலைப் பூரணத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

தேங்காய்ப் பூரணம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அப்போது அது கொழுக்கட்டையின் தங்கையாகிவிடுகிறது. புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டு அங்கேயே திரும்பிப் போவானேன்? சாக்லேட் துண்டு வைப்பது இப்போது எல்லா ஊரிலும் நாகரிகம். எனக்குச் சிபாரிசில்லை.

எந்தப் பூரணமானாலும் முதல் நாள் இரவே அரைத் தேக்கரண்டி அளவில் குட்டிக் குட்டியாக உருட்டித் தட்டில் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் அடுப்படியில் கை பறக்கும் நேரத்தில் அது பெரிய உதவி.

தீயும் திருப்பலும்

கல்லை மிதமான தீயில் வெறுமனே நாலைந்து நிமிடம் காயவிடவும். தண்ணீர் தெளித்தால் சுரீரென்று துள்ள வேண்டும். உடனே தீயைக் குறைத்துவிடுங்கள். மைதாவும் பாலும் சேர்ந்த மாவு, அரிசி மாவைவிடச் சீக்கிரம் சிவக்கும். தீ அதிகமானால் வெளியே கருக்கும், உள்ளே பச்சை.

ஒவ்வொரு குழியிலும் அரைத் தேக்கரண்டி நெய். டென்மார்க்கில் வெண்ணெய் போடுவார்கள். வெண்ணெயில் உள்ள பால் கசடு இரண்டாம் ஈட்டிலேயே கரிந்துபோகும். நெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. நெய் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கடலை எண்ணெய் கலக்கலாம். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கேஸ் அடுப்பில் நடுக்குழிதான் அதிகம் காயும். ஆகவே சுற்றுக் குழிகளை முதலில் நிரப்பி, நடுவைக் கடைசியில் ஊற்றுங்கள். எடுக்கும்போது நடுவை முதலில் எடுங்கள்.

குழியில் பாதிக்குமேல் கொஞ்சம் மாவு ஊற்றி, அரை நிமிடம் விட்டு, பூரண உருண்டையை நடுவில் மெல்ல வைக்கவும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் அடியைத் தொட்டுவிடும். மேலே ஒரு தேக்கரண்டி மாவால் மூடவும். குழியின் விளிம்பு மட்டம் வரை வந்தால் போதும். மூடி போடக் கூடாது. நம் பணியாரத்துக்கு மூடுகிறோம்; இங்கே மூடினால் மேல்மாவு ஆவியில் வெந்து இறுகிவிடும், பிறகு திருப்பும்போது வழிந்து உருண்டையாகாது.

இப்போது கவனம். ஒரு நிமிடம் போனதும் ஓரம் வெந்து மங்கலாகும், நடுவில் மாவு இன்னும் ஈரமாக ஆடும். குச்சியை ஓரத்தில் விட்டு, ஒரு பக்கத்தை மேலே தூக்குங்கள், கால் வட்டம் மட்டும். வெந்த ஓடு செங்குத்தாக நிற்கும், உள்ளே இருக்கும் ஈரமாவு வழிந்து காலியான குழியின் அடியில் விழும். அது வேகட்டும், அரை நிமிடம். பிறகு பக்கவாட்டில் சுழற்றி இன்னொரு கால் வட்டம். மீண்டும் மாவு வழிந்து இடத்தை நிரப்பும். மூன்றாவது திருப்பலில் வாய் மூடிக்கொள்ளும். நான்காவதில் உருண்டை. அதன்பின் குச்சியால் தொட்டுத் தொட்டு உருட்டிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே பொன்னிறம் ஏறும். ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும்.

ஒரே தூக்கில் கவிழ்க்கும் பழக்கம் நம் கையில் ஊறியிருக்கிறது. அதை அடக்குவதுதான் இதில் உள்ள ஒரே சிரமம். ஒரேயடியாகக் கவிழ்த்தால் மேலே பாதி, கீழே பாதி, நடுவில் ஒரு பட்டை என்று பணியார வடிவம் வரும். தின்னலாம், தப்பில்லை. ஆனால் பூரணம் நடுவில் நிற்காது, ஒரு பக்கமாக ஒதுங்கும்.

வெந்ததா என்று பார்க்க, பூரணத்தைத் தொடாதபடி ஓரமாகக் குச்சியைச் செருகி எடுங்கள். மாவு ஒட்டாவிட்டால் ஆயிற்று. முதல் ஈடு எப்போதும் சுமார்தான். இரண்டாவதிலிருந்து கல் வழிக்கு வரும். அந்த முதல் ஈட்டைப் பூரணம் வைக்காமல் சுட்டு, அடுப்படியில் சுற்றிவரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒட்டினால் மூன்றே காரணம்: கல் பழகவில்லை, நெய் போதவில்லை, பொறுமையில்லாமல் சீக்கிரம் கிளப்பிவிட்டீர்கள். பிளந்து பூரணம் வெளியே வந்தால், வைத்த பூரணம் பெரிது. உள்ளே களியாக இருந்தால் தீ அதிகம்.

பரிமாறுதல்

தட்டுக்கு மூன்று வைப்பது டேனிஷ் வழக்கம். நம் வீட்டில் மூன்றோடு யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. மேலே தூவும் சர்க்கரையைக் கடையில் வாங்க வேண்டாம். நான்கு கரண்டி சர்க்கரையோடு ஒரு தேக்கரண்டி சோளமாவு சேர்த்து மிக்சியில் பொடித்து, டீ வடிகட்டியில் தட்டித் தூவினால் பனி மாதிரி விழும். கடல் காற்று அடிக்கும் மரக்காணம் பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பிடும் தட்டில்தான் தூவ வேண்டும். முன்கூட்டியே தூவினால் உருகி ஈரமாகிவிடும். தொட்டுக்கொள்ள, கடை ஜாமில் இரண்டு கரண்டி எடுத்து, எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டி வெந்நீரும் விட்டு இலேசாகச் சுட வையுங்கள். குடிக்க ஃபில்டர் காபி. டென்மார்க்கில் மசாலா போட்டுக் காய்ச்சிய சிவப்பு ஒயினோடு சாப்பிடுவார்கள். காலை ஏழரை மணிக்கு அது நமக்கு ஆகாது.

பெரிய கூட்டம் என்றால், சுட்டதைப் பருத்தித் துணி விரித்த ஹாட்பாக்ஸில் போட்டு, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடுங்கள். இறுக்கி மூடினால் வேர்த்து நமுத்துப்போகும். கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போய் வந்து செய்வதானால், உலர்ந்த மாவுக் கலவையையும் பூரணத்தையும் இரவே தயாராக வைத்து, வந்த பிறகு முட்டையை உடையுங்கள். முக்கால் மணி நேரத்தில் முதல் தட்டு மேசைக்கு வந்துவிடும்.

மீந்த உருண்டைகள் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதே கல்லில், நெய்யில்லாமல், சிறு தீயில் உருட்டிச் சூடாக்கினால் மேல் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மீந்த மாவை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது மாலையில் உப்பாது, முட்டை சேர்ந்ததால் நம் ஊர்ச் சூட்டில் கெட்டும் போகும். கொஞ்சம் பால் விட்டு இளக்கி, அப்போதே தோசைக் கல்லில் மெல்லிசாக வார்த்து, மிஞ்சிய பூரணத்தை வைத்துச் சுருட்டிக் கொடுத்துவிடுங்கள்.